576 சதுர மைல்: விருத்தாசலத்தின் நிர்வாகக் கணக்கு

1908-இல் வெளியான இம்பீரியல் கெசட்டியர், தென்னார்க்காடு மாவட்டத்தின் பரப்பை 5,217 சதுர மைல் என்று பதிவு செய்கிறது. அன்று மாவட்டத்தில் 8 வட்டங்கள் இருந்தன: திருவண்ணாமலை 1,009 சதுர மைல், கள்ளக்குறிச்சி 873, திண்டிவனம் 816, திருக்கோவிலூர் 584, விருத்தாசலம் 576, விழுப்புரம் 509, கடலூர் 448, சிதம்பரம் 402. எட்டையும் கூட்டினால் 5,217 சரியாக வருகிறது. விருத்தாசலம் வட்டத்தின் பங்கு 11.04 சதவீதம். பீங்கான் நகரம் என்று இன்று அறியப்படும் ஊரின் நிர்வாக வரலாற்றை இந்த 576-இலிருந்து தொடங்குவது வசதி. அதற்குப் பிறகு வந்த மாற்றங்கள் எல்லாவற்றையும் இந்த எண்ணோடு ஒப்பிட்டுப் பார்த்துவிடலாம்.

576 சதுர மைல் என்பது 1,492 சதுர கிலோமீட்டர், ஏக்கரில் 3,68,640. விருத்தாசலம் இன்று அடங்கியிருக்கும் கடலூர் மாவட்டத்தில் நிலம் பேசுவோர் இன்றும் காணிக் கணக்கில்தான் பேசுகிறார்கள். 24 அடிக்கு 24 அடி ஒரு குழி, அதாவது 576 சதுர அடி. 100 குழி ஒரு காணி, அதாவது 57,600 சதுர அடி அல்லது 132 சென்ட். அப்படியானால் ஒரு சதுர மைலுக்கு மிச்சமில்லாமல் 484 காணி. வட்டம் முழுவதும் 2,78,784 காணி. குழியின் சதுர அடியும் வட்டத்தின் சதுர மைலும் ஒரே எண்ணாக அமைந்தது தற்செயல்தான். ஆனால் நினைவில் வைக்க இதைவிட எளிய வழி இல்லை.

வட்டம் என்ற அலகுக்கு முந்தைய காலத்தை விரைவாகக் கடக்கலாம். சோழர் கல்வெட்டுகளில் ஊரின் பெயர் திருமுதுகுன்றம். அது இருங்கோளப்பாடியில் பருவூர்க் கூற்றத்தில் அடங்கியது. ஊர், அதற்கு மேல் கூற்றம் அல்லது நாடு, அதற்கு மேல் வளநாடு, பிறகு மண்டலம் என 4 அடுக்குகள். இன்றைய வருவாய்த் துறையில் கிராமம், குறுவட்டம், வட்டம், கோட்டம், மாவட்டம் என 5 அடுக்குகள். ஆயிரம் ஆண்டில் ஓர் அடுக்கு கூடியிருக்கிறது. கர்நாடக நவாபின் ஆட்சிப் பகுதி 1801 ஜூலை 31-ஆம் தேதி ஒப்பந்தத்தால் கிழக்கிந்தியக் கும்பினியின் கைக்கு வந்தது. தென்னார்க்காடு என்ற ஆங்கிலேய மாவட்டத்தின் கணக்கு அந்த ஆண்டில் தொடங்குகிறது.

முதல் பெரிய கழித்தல் 1911-இல் நடந்தது. 1,009 சதுர மைல் கொண்ட திருவண்ணாமலை வட்டம் வடஆர்க்காடு மாவட்டத்துக்கு மாற்றப்பட்டது. தென்னார்க்காடு 19.3 சதவீதப் பரப்பை இழந்து 4,208 சதுர மைலாகச் சுருங்கியது. விருத்தாசலத்துக்கு ஓர் அங்குல நிலம்கூடக் கூடவில்லை. ஆனால் மாவட்டத்தில் அதன் பங்கு 11.04 சதவீதத்திலிருந்து 13.69 சதவீதமாக உயர்ந்தது. நிர்வாக வரலாற்றில் சதவீதத்தைப் படிக்கும்போது பகுதியைப் போலவே தொகுதியையும் கவனிக்க வேண்டும் என்பதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

இரண்டாவது கழித்தல் 82 ஆண்டுகள் கழித்து, 1993 செப்டம்பர் 30-இல். தென்னார்க்காடு இரண்டாகி, ஒரு பாதி தென்னார்க்காடு வள்ளலார் மாவட்டம் என்றும் மறுபாதி விழுப்புரம் இராமசாமி படையாட்சியார் மாவட்டம் என்றும் பெயர் பெற்றன. 1997-இல் தலைவர்களின் பெயர்கள் நீக்கப்பட்டு, தலைநகரங்களின் பெயர்களே மாவட்டங்களுக்கு நின்றன. 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி கடலூர் 3,678 சதுர கி.மீ., விழுப்புரம் 7,194 சதுர கி.மீ.; கூட்டுத்தொகை 10,872. கெசட்டியரின் 4,208 சதுர மைலை மாற்றினால் 10,899 சதுர கி.மீ. வருகிறது. நூறாண்டு இடைவெளியில் வேறுபாடு 27 சதுர கி.மீ., அதாவது 0.25 சதவீதம். சங்கிலி பிடித்து அளந்த நில அளவையாளர்களுக்கு இந்த 0.25 சதவீதமே போதுமான நற்சான்று.

இதைவிடச் சுவையான கூட்டல் ஒன்று இருக்கிறது. 1908-இன் கடலூர், சிதம்பரம், விருத்தாசலம் ஆகிய 3 வட்டங்களின் பரப்பைச் சேர்த்தால் 1,426 சதுர மைல்; அதாவது 3,693 சதுர கி.மீ. இன்றைய கடலூர் மாவட்டம் 3,678 சதுர கி.மீ. வேறுபாடு 15 சதுர கி.மீ., 0.4 சதவீதம். பரப்பு ஒத்துப்போவதால் எல்லைக்கோடு ஓரிடத்திலும் நகரவில்லை என்று சொல்லிவிட முடியாது. கொடுத்ததும் வாங்கியதும் சமன் ஆகியிருக்கலாம். ஆயினும் 1993-இல் புதிதாகப் பிறந்ததாகச் சொல்லப்பட்ட மாவட்டம், ஏறக்குறைய 3 பழைய வட்டங்களின் தொகுப்பே என்று கொள்வதில் தவறில்லை. அதன் வருவாய்க் கோட்டங்களும் இன்று மூன்றுதான்: கடலூர், சிதம்பரம், விருத்தாசலம். பெயர்கள்கூட மாறவில்லை. இந்தத் தொகுப்பில் பழைய விருத்தாசலம் வட்டத்தின் பங்கு 40.4 சதவீதம். எட்டில் ஐந்தாவது பெரிய வட்டமாக இருந்தது, மூன்றில் மிகப் பெரியது ஆகிவிட்டது.

நிலம் அப்படியே இருக்க, அதன் மேல் வாழும் மக்கள் பெருகினார்கள். 1901-இல் தென்னார்க்காட்டின் மக்கள்தொகை 23,49,894. சதுர மைலுக்கு 450 பேர், சதுர கிலோமீட்டருக்கு 174 பேர். 2011-இல் கடலூரில் 26,05,914 பேர், விழுப்புரத்தில் 34,58,873 பேர். இரண்டும் சேர்ந்து 60,64,787. சதுர கிலோமீட்டருக்கு 558 பேர். 110 ஆண்டில் அடர்த்தி 3.2 மடங்கு. கடலூரை மட்டும் பார்த்தால் 709, விழுப்புரம் 481. 1901-இன் முழு மாவட்டத்தில் இருந்ததைவிட 2,56,020 பேர் அதிகமாக இன்றைய கடலூர் மாவட்டத்தில் மட்டும் வாழ்கிறார்கள். அதன் பரப்போ பழைய மாவட்டத்தில் 27 சதவீதம்.

வட்டங்களின் எண்ணிக்கை இந்தப் பெருக்கத்தை ஒட்டியே நகர்ந்தது. பழைய 3 வட்டங்கள் இருந்த இடத்தில் இன்று 10 வட்டங்கள்: கடலூர், பண்ருட்டி, குறிஞ்சிப்பாடி, சிதம்பரம், காட்டுமன்னார்கோயில், புவனகிரி, ஸ்ரீமுஷ்ணம், விருத்தாசலம், திட்டக்குடி, வேப்பூர். கடைசி மூன்றும் விருத்தாசலம் கோட்டத்தைச் சேர்ந்தவை. ஒரு வட்டத்தின் சராசரிப் பரப்பு 1,231 சதுர கிலோமீட்டரிலிருந்து 368 சதுர கிலோமீட்டராகக் குறைந்தது. 30 சதவீதம்தான் மிச்சம். வட்டத்தை வட்டவடிவமாகவே கற்பனை செய்து, நடுவில் தாலுகா அலுவலகத்தை வைத்தால், எல்லையில் இருக்கும் விவசாயி அலுவலகம் வர முன்பு 19.8 கி.மீ. வர வேண்டும், இப்போது 10.8 கி.மீ. பட்டா மாறுதலுக்கும் சாதிச் சான்றிதழுக்கும் அலைபவர்களுக்கு, போக வர 18 கி.மீ. மிச்சம். 3 வட்டம் 10 ஆனதன் நேரடிப் பயனை அளக்க வேறு எண் தேவையில்லை.

ஆனால் ஆட்சியர் அலுவலகம் நடுவில் இல்லை. கடலூர் கடற்கரையில், மாவட்டத்தின் கிழக்கு விளிம்பில் இருக்கிறது. 3,678 சதுர கி.மீ. மாவட்டத்தை வட்டமாக்கினால் ஆரம் 34 கி.மீ. மட்டுமே, ஆனால் விருத்தாசலத்துக்கும் கடலூருக்கும் நேர்கோட்டுத் தொலைவே சுமார் 55 கி.மீ. கடலூர் துறைமுகச் சந்திப்பிலிருந்து விருத்தாசலம் வரை இரயில் பாதை 57 கி.மீ. திட்டக்குடி இன்னும் மேற்கே உள்ளது. அங்கிருந்து கடலூர் நேர்கோட்டில் சுமார் 80 கி.மீ.; விருத்தாசலம் சுமார் 25 கி.மீ.; அண்டை மாவட்டத் தலைநகரான பெரம்பலூர் சுமார் 32 கி.மீ. தன் ஆட்சியர் இருக்கும் தொலைவு, பக்கத்து மாவட்ட ஆட்சியர் இருக்கும் தொலைவைப் போல இரண்டரை மடங்கு. மேற்குப் பகுதியின் மனக்குறைக்கு இந்த 80-உம் 32-உம் போதுமான விளக்கம்.

வட்டத்துக்குக் கீழே இறங்கினால் அடிப்படை அலகு வருவாய் கிராமம். அதன் ஆண்டு ஜனவரியில் தொடங்குவதில்லை; ஜூலை 1-இல் பசலி பிறக்கிறது, ஜூன் 30-இல் முடிகிறது. ஆங்கில ஆண்டில் 590-ஐக் கழித்தால் ஜூலையில் தொடங்கும் பசலி கிடைக்கும்: 2025 ஜூலை 1-இல் தொடங்கியது பசலி 1435. ஒவ்வொரு கிராமத்துக்கும் 1 முதல் 24 வரை எண்ணிட்ட கணக்குகள் உண்டு. 2-ஆம் எண் அடங்கல், 10-ஆம் எண் சிட்டா. பசலி முடிவதற்குள் தாலுகா அலுவலகத்தில் ஜமாபந்தி கூடி, குறுவட்டம் குறுவட்டமாக இந்த 24 கணக்குகளையும் சரிபார்க்கிறது. மாவட்டம் இரண்டாகலாம், வட்டம் மூன்றாகலாம். கணக்கு எண் 2 அடங்கலாகவே நீடிக்கிறது. நிர்வாகத் தொடர்ச்சி எங்கே இருக்கிறது என்று கேட்டால், மாவட்டப் பெயர்ப்பலகையைக் காட்டமாட்டேன். இந்த எண்களைத்தான் காட்டுவேன்.

கணக்குகள் நிலைத்தன, எழுதியவர்கள் மாறினார்கள். 1980 நவம்பரில் எம்.ஜி.ஆர். அரசு ஓர் அவசரச் சட்டத்தால் பகுதிநேரக் கிராம அலுவலர் பதவிகளை ஒழித்தது. ஊருக்கு ஒரு மணியக்காரர், ஒரு கணக்குப்பிள்ளை என்றிருந்த 2 பதவிகளின் இடத்தில் கிராம நிர்வாக அலுவலர் என்ற 1 முழுநேரப் பதவி வந்தது. பரம்பரை போய்த் தேர்வாணையத் தேர்வு வந்தது. உச்ச நீதிமன்றம் 1982-இல் அந்தச் சட்டத்தை உறுதி செய்தது. கும்பினிக் காலத்துக்கு முன்பிருந்தே வந்த ஓர் ஏற்பாடு முடிவுக்கு வர, தடைகள் எல்லாம் தாண்டியும் 2 ஆண்டுகளே ஆயின.

வரி வாங்கும் கிராமத்தின் கணக்கு இது. தேர்ந்தெடுக்கப்படும் கிராமத்துக்குத் தனிக் கணக்கு. இங்கே இங்கிலாந்தின் சிறு கிராமப்புறப் பாரிஷ்களோடு ஓர் ஒப்பீடு பயன்படும். தேவாலயத்தைச் சுற்றி அமைந்த அந்தச் சிற்றலகுகளிடம் 1601-இன் ஏழைகள் சட்டம் உள்ளூர் ஏழைகளைப் பராமரிக்கும் பொறுப்பையும் அதற்கு வரி வசூலிக்கும் அதிகாரத்தையும் கொடுத்தது. 1834-க்குப் பின் ஏறத்தாழ 15,000 பாரிஷ்கள் ஏறத்தாழ 600 ஒன்றியங்களாகத் தொகுக்கப்பட்டன. ஒன்றியத்துக்குச் சராசரி 25. 1894-இன் உள்ளாட்சிச் சட்டம், 300 பேருக்குக் குறையாத கிராமப்புறப் பாரிஷுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் கட்டாயம் என்றது; மன்ற உறுப்பினர் 5-க்குக் குறையாமல், 15-க்கு மேற்படாமல். சரியாக 100 ஆண்டு கழித்து, 1994-இன் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டம் ஓர் ஊராட்சிக்குக் குறைந்தது 500 பேர் வேண்டும் என்றது. உறுப்பினர் 5 முதல் 15 வரை. மக்கள்தொகை வரம்பு 300-க்கு 500 என்று வேறுபட்டாலும், மன்றத்தின் அளவு இம்மிகூட வேறுபடவில்லை.

1894-இன் பாரிஷ் மன்றம் தன் ஊர்க் கூட்டத்தின் சம்மதம் இல்லாமல் பவுனுக்கு 3 பென்னிக்கு மேல் வரிச்சுமை ஏற்றக்கூடாது. சம்மதம் இருந்தாலும் ஆண்டுக்கு 6 பென்னி உச்சவரம்பு. அன்று பவுனுக்கு 240 பென்னி. ஆகவே 1.25 சதவீதம், 2.5 சதவீதம். ஊர்க் கூட்டம் ஆண்டுக்கு ஒரு முறையேனும் கூட வேண்டும். தமிழ்நாட்டில் 2022 முதல் கிராம சபைக்கு 6 நாட்கள்: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. அதிகாரத்தில் எந்த ஊர்க் கூட்டம் பெரியது என்பது வேறு கேள்வி. கூடும் எண்ணிக்கையில் நம்முடையது 6 மடங்கு.

கடலூர் மாவட்டத்தில் 14 ஊராட்சி ஒன்றியங்கள், 683 ஊராட்சிகள். ஒன்றியத்துக்குச் சராசரி 48.8 ஊராட்சிகள். மாநில அளவில் 388 ஒன்றியங்களுக்கு 12,525 ஊராட்சிகள், சராசரி 32.3. கடலூரின் ஒன்றியம் எண்ணிக்கையில் மாநிலச் சராசரியைவிட 51 சதவீதம் கனமானது. விருத்தாசலம், கம்மாபுரம், நல்லூர், மங்களூர் ஆகிய மேற்கு ஒன்றியங்கள் நான்கும் இந்த 14-இல் அடக்கம். மக்கள்தொகையில் நிலைமை நேர்மாறு. 2011-இல் மாவட்ட மக்களில் சுமார் 66 சதவீதம் ஊரகம்; அதாவது ஏறத்தாழ 17.2 லட்சம். ஊராட்சிக்குச் சராசரி 2,520 பேர். மாநிலச் சராசரி 2,970. எண்ணிக்கையில் அதிகம், அளவில் சிறியவை. 2,520 பேர் உள்ள ஊராட்சியின் கிராம சபைக்குக் குறைவெண் 100. மக்கள்தொகையில் 4 சதவீதம்.

மேலடுக்குகளில் கணக்கு கொஞ்சம் இடறுகிறது. 1994-இன் சட்டம் ஏறத்தாழ 5,000 பேருக்கு ஓர் ஒன்றிய வார்டு, 50,000 பேருக்கு ஒரு மாவட்ட ஊராட்சி வார்டு என்று அளவுகோல் தருகிறது. 17.2 லட்சத்துக்கு 344 ஒன்றிய வார்டுகளும் 34 மாவட்ட வார்டுகளும் வர வேண்டும். 2019 தேர்தலில் இருந்தவை 287-உம் 29-உம். இரண்டுமே அளவுகோலில் 83 முதல் 85 சதவீதம். இரண்டு அடுக்கிலும் குறை ஏறக்குறைய ஒரே விகிதத்தில் இருப்பதால், பழைய மக்கள்தொகையை வைத்துப் பிரித்த வார்டுகள் பின்னர் பெருக்கத்தைத் தொடரவில்லை என்று ஊகிக்க இடமுண்டு. அதற்கு மேல் இந்த எண்கள் சொல்லவில்லை.

17.2 லட்சத்தை 29-ஆல் வகுத்தால் ஒரு மாவட்ட ஊராட்சி உறுப்பினருக்கு ஏறத்தாழ 59,300 பேர். 2001 கணக்கெடுப்பில் விருத்தாசலம் நகராட்சியின் மொத்த மக்கள்தொகையும் 59,300. ஊரகத்தில் இத்தனை பேருக்கு மாவட்ட மன்றத்தில் ஒரே குரல். நகரத்தில் அதே அளவு மக்களுக்கு ஒரு முழு நகர்மன்றம். இரண்டும் வேறு வேறு அடுக்கு என்பது தெரிந்ததே. ஒப்பீடு நெருடுகிறது, அவ்வளவுதான்.

இந்த மன்றங்களின் முன்வரலாறு ஆண்டுகளாகவே போதும். ரிப்பன் பிரபுவின் உள்ளாட்சித் தீர்மானம் 1882. சென்னை மாகாண உள்ளாட்சிக் கழகச் சட்டம் 1884. கிராமப் பஞ்சாயத்துக்கென முதல் தனிச் சட்டம் 1920. தாலுகா போர்டுகள் ஒழிந்தது 1934. அடுத்த பஞ்சாயத்துச் சட்டம் 1950. ஒன்றியங்களை உருவாக்கிய சட்டம் 1958. 1884-இலிருந்து 1958 வரை 74 ஆண்டு. அடுத்த முழுமையான சட்டம் 1994. இடையில் 1970-இல் நடந்த ஊராட்சித் தேர்தலுக்குப் பின் அடுத்தது 1986-இல். அந்த 16 ஆண்டு இடைவெளியே அரசியல் சட்டத்தின் 73-ஆவது, 74-ஆவது திருத்தங்களுக்கு வலுவான நியாயம்.

நகராட்சிக்கு வருவோம். 2001-இல் 59,300 ஆக இருந்த விருத்தாசலத்தின் மக்கள்தொகை 2011-இல் 73,585. பத்தாண்டு வளர்ச்சி 24.1 சதவீதம். அதே பத்தாண்டில் மாவட்டம் 22,85,395-இலிருந்து 26,05,914-க்கு வந்தது, வளர்ச்சி 14.0 சதவீதம். நகரம் மாவட்டத்தைவிட 10 புள்ளி வேகமாக வளர்ந்திருக்கிறது. நகர்மன்றத்தில் 33 வார்டுகள். வார்டுக்குச் சராசரி 2,230 பேர். ஊராட்சிச் சராசரியான 2,520-ஐவிட இது 12 சதவீதம் குறைவு. அதாவது நகரத்தின் ஒரு கவுன்சிலரும் மாவட்டத்தின் ஒரு ஊராட்சித் தலைவரும் ஏறக்குறைய ஒரே அளவு மக்களுக்குப் பொறுப்பு. பத்தாம் நூற்றாண்டின் உத்திரமேரூர்ச் சபைக்குக் குடும்புகள் 30. விருத்தாசலத்துக்கு வார்டுகள் 33. அங்கே 35 வயது நிரம்பாதவருக்கும் கால் வேலி நிலம் இல்லாதவருக்கும் குடவோலையில் இடமில்லை; இங்கே 21 வயது போதும்.

நெய்வேலி இந்தக் கணக்கில் விதிவிலக்கு. விருத்தாசலத்துக்குக் கிழக்கே நேர்கோட்டில் சுமார் 17 கி.மீ. தள்ளி இருக்கும் அந்த நகரியத்தின் மக்கள்தொகை 2011-இல் 1,05,731. விருத்தாசலத்தைவிட 44 சதவீதம் அதிகம். 1956 நவம்பர் 14-இல் பதிவான நெய்வேலி பழுப்பு நிலக்கரி நிறுவனமே நகரியத்தைப் பராமரிக்கிறது. 73,585 பேருக்கு நகர்மன்றத்தில் 33 உறுப்பினர். 1,05,731 பேருக்கு நகர்மன்றமே இல்லை.

விருத்தாசலத்தின் பீங்கான் தொழிலையும் நெய்வேலியின் மண்ணையும் பிரித்துப் பேச முடியாது. நெய்வேலிப் பகுதியின் களிமண்ணை நம்பியே இங்கே அரசின் பீங்கான் தொழில்நுட்ப நிறுவனமும் பீங்கான் தொழிற்பேட்டையும் வளர்ந்தன. பொம்மை, அகல் விளக்கு, மின்சார ஃபியூஸ் கட்டை ஆகியவை ஊரின் அடையாளச் சரக்குகள். வழக்கமான பீங்கான் கலவை 100 கிலோவுக்குக் களிமண் 50 கிலோ, ஃபெல்ஸ்பார் 25 கிலோ, குவார்ட்ஸ் 25 கிலோ. 2015 பிப்ரவரி 10-இல் மத்திய அரசு 31 கனிமங்களைச் சிறு கனிமங்கள் என்று அறிவித்தது. சீனக் களிமண், பந்துக் களிமண், ஃபெல்ஸ்பார், குவார்ட்ஸ் நான்கும் அந்த 31-இல் இருந்தன (ஃபெல்ஸ்பாரும் குவார்ட்ஸும் 2025 வரை). ஆக, அந்த 100 கிலோவுக்கும் உரிமைக் கட்டணம் நிர்ணயிக்கும் அதிகாரம் ஒரே நாளில் டெல்லியிலிருந்து சென்னைக்கு இடம் மாறியது. மாவட்ட எல்லையை ஒரு சதுர அடிகூட நகர்த்தாத இந்த மாற்றம், சூளைக்காரருக்கு எல்லை மாற்றங்களைவிட நெருக்கமானது.

பழுப்பு நிலக்கரி மத்திய அரசின் பட்டியலிலேயே நிற்கிறது. அதன் உரிமைத்தொகை விலையில் 6 சதவீதம். 2015-இன் விதிப்படி, அந்த ஆண்டு ஜனவரி 12-க்கு முன் பெற்ற சுரங்கக் குத்தகைகள் உரிமைத்தொகையில் 30 சதவீதத்துக்குச் சமமான தொகையைக் கூடுதலாக மாவட்டக் கனிம அறக்கட்டளைக்குச் செலுத்த வேண்டும். 100 ரூபாய் நிலக்கரிக்கு உரிமைத்தொகை 6 ரூபாய். அறக்கட்டளைக்கு 1 ரூபாய் 80 காசு. இந்த 1.80 எந்த மாவட்டத்தின் கணக்கில் சேர்கிறது என்பது சுரங்கம் எந்த மாவட்டத்தில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. மாவட்டத்தைப் பிரிக்கச் சொல்வோரும் வேண்டாம் என்போரும் இதை முதலில் எழுதிவைப்பது நல்லது.

விருத்தாசலத்தைத் தலைநகராகக் கொண்ட தனி மாவட்டம் என்ற கோரிக்கை பழையது. எண்களால் அது எங்கே நிற்கிறது? தமிழ்நாட்டின் 1,30,058 சதுர கி.மீ. பரப்பை 38 மாவட்டங்களுக்கு வகுத்தால் சராசரி 3,423. கடலூர் அதைவிட 7.5 சதவீதமே பெரியது. மாநிலத் தராசில் அது பிரிக்கப்பட வேண்டிய அளவுக்குப் பெரிய மாவட்டம் அல்ல. பழைய 576 சதுர மைலையே புதிய மாவட்டமாகக் கொண்டால் 1,492 சதுர கி.மீ.; சராசரியில் 44 சதவீதம். மிஞ்சும் கடலூர் 2,186 சதுர கி.மீ.; சராசரியில் 64 சதவீதம். மறுபுறம், 2020-இல் உருவான மயிலாடுதுறை 1,172 சதுர கிலோமீட்டர்தான். பெரம்பலூர் 1,757, அரியலூர் 1,949. பரப்பைக் காட்டி விருத்தாசலத்தை மறுக்க முடியாது.

மக்கள்தொகைதான் கோரிக்கையின் பலவீனம். மயிலாடுதுறையின் 1,172 சதுர கிலோமீட்டரில் 2011 கணக்குப்படி 9,18,356 பேர், அடர்த்தி 784. பெரம்பலூரில் 5,65,223 பேர், அடர்த்தி 322. அரியலூரில் 7,54,894 பேர், அடர்த்தி 387. விருத்தாசலத்தின் மேற்கு நிலம் காவிரிக் கழனி அல்ல. முந்திரியும் நிலக்கடலையும் விளையும் மானாவாரிப் பூமி. அண்டையிலுள்ள பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களின் அடர்த்தியை 1,492 சதுர கிலோமீட்டருக்குப் பொருத்தினால் 4.8 லட்சம் முதல் 5.8 லட்சம் வரை வருகிறது. இது மதிப்பீடு மட்டுமே. விருத்தாசலம் நகரத்தைச் சுற்றி அடர்த்தி கூடுதலாகவே இருக்கும். எப்படியும் பெரம்பலூர் அளவிலான மாவட்டம் ஒன்று கிடைக்கும். பெரம்பலூர் தரும் பாடமும் அருகிலேயே இருக்கிறது: அதிலிருந்து 2001 ஜனவரியில் பிரிந்த அரியலூர், 2002 மார்ச்சில் செலவைக் காரணம் காட்டி மீண்டும் சேர்க்கப்பட்டு, 2007 நவம்பரில் மறுபடியும் பிரிந்தது. முதல் அரியலூர் மாவட்டத்தின் ஆயுள் 15 மாதம்.

எல்லைகளைவிட என்னை அதிகம் தடுத்து நிறுத்துவது இன்னொரு எண். 1996 அக்டோபர் முதல் 2016 அக்டோபர் 24 வரை உள்ளாட்சி மன்றங்கள் 4 முழுப் பதவிக்காலம், அதாவது 240 மாதம், இடைவெளியின்றி நடந்தன. பிறகு கடலூர் மாவட்ட ஊராட்சிகளில் 2019 டிசம்பர் 27, 30 தேதிகளில் வாக்குப்பதிவு நடந்து, 2020 ஜனவரி 6-இல்தான் புதியவர்கள் பதவியேற்றார்கள். இடைவெளி 38 மாதம். 683 தலைவர் பதவிகளுக்கு 38 மாதம் என்றால் 25,954 தலைவர்-மாதங்கள். நகராட்சியில் இடைவெளி இன்னும் நீளம்: 2022 பிப்ரவரி 19-இல் வாக்குப்பதிவு, மார்ச் 2-இல் பதவியேற்பு, 64 மாதம். ஒரு முழுப் பதவிக்காலமே 60 மாதம்தான். 33 வார்டுகளுக்கு 2,112 கவுன்சிலர்-மாதங்கள். 1996 முதல் 2022 மார்ச் வரையிலான 304 மாதத்தில் 21 சதவீதம் விருத்தாசலத்துக்கு நகர்மன்றம் இல்லை.

அந்த மாதங்களில் ஊராட்சிகளைத் தனி அலுவலர்களாக நடத்தியவர்கள் வட்டார வளர்ச்சி அலுவலர்கள். இப்போதைய ஒன்றியக் கணக்கில் ஓர் அலுவலருக்குச் சராசரி 49 ஊராட்சிகள். மாதத்தில் 25 வேலைநாள் என்று வைத்தால், ஓர் ஊராட்சிக்கு அரை நாள். தேர்ந்தெடுக்கப்பட்ட மன்றம் இல்லாததால் மத்திய நிதிக்குழு மானியத்தின் ஒரு பகுதியும் நிறுத்திவைக்கப்பட்டது. 10.8 கிலோமீட்டரில் தாலுகா அலுவலகம் வந்துவிட்ட அதே காலத்தில், தெருவிளக்குக்கும் குடிநீருக்கும் பதில் சொல்ல வேண்டிய நாற்காலி காலியாக இருந்தது. வட்டம் 3-இலிருந்து 10 ஆனதை நான் குறைத்து மதிப்பிடவில்லை. புதிய மாவட்டக் கோரிக்கையையும் தள்ளவில்லை. ஆனால் முன்னுரிமை எதற்கு என்று கேட்டால், புதிய ஆட்சியர் அலுவலகத்துக்கு முன்பாக, ஏற்கெனவே சட்டத்தில் உள்ள 683 நாற்காலிகளும் உரிய தேதியில் நிரம்ப வேண்டும் என்பதே இந்தக் கணக்கின் தீர்ப்பு.

அரசியல் சட்டத்தின் 243-இ பிரிவு ஊராட்சியின் ஆயுளை 5 ஆண்டு என்று வரையறுத்து, அந்தக் காலம் முடிவதற்குள் அடுத்த தேர்தலை முடித்துவிட வேண்டும் என்கிறது. கடலூர் மாவட்டத்தின் 683 ஊராட்சிகளுக்கு அந்த 5 ஆண்டு 2025 ஜனவரி 5-இல் முடிந்தது; மறுநாள் முதல் தனி அலுவலர்கள் பொறுப்பேற்றார்கள்.